முதுகில் ஊசியா, முழு மயக்கமா, தூக்க ஊசியா? அம்மாவின் சத்திரசிகிச்சையை முன்னிட்டு ஒரு மகளின் கடிதம்

ஹட்டனை அண்டிய தேயிலைத் தோட்டம் ஒன்றின் பிள்ளைக் காம்பராவில் பணிபுரியும் வாசகி ஒருவர் தம் தாயாரைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விபரங்களை மாற்றி, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

தாயாருக்கு வயது 57. இன்றும் கொழுந்தெடுக்கப் போகிறார். தொப்புளருகே மூன்று ஆண்டுகளாக இருந்த குடலிறக்க வீக்கம் எலுமிச்சங்காய் அளவிலிருந்து தோடம்பழ அளவுக்கு வளர்ந்துவிட்டது. அரசாங்க வைத்தியசாலையில் வலை வைத்துத் தைப்பதற்குத் திகதி கொடுத்து, முதுகில் ஊசி போட்டுச் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தாயாரோ, 1999 இல் கடைசிப் பிள்ளையைச் சத்திரசிகிச்சை மூலம் பெற்றபோது போட்ட முதுகு ஊசியால்தான் இன்றுவரை இடுப்பு வலிக்கிறது என்றும், இன்னொரு முறை முதுகைத் தொட விடமாட்டேன் என்றும் உறுதியாக நிற்கிறார். கொழும்பில் வேலை செய்யும் அண்ணன், தனியார் சிகிச்சை நிலையமொன்றில் "முழு மயக்கமெல்லாம் வேண்டாம், ஒரு தூக்க ஊசி போட்டு முடித்து, மாலையே வீட்டுக்கு அனுப்புவார்கள்" என்று பேசி வைத்திருக்கிறார். அம்மாவிடம் எதையும் விளக்காமல் தாமே கையொப்பம் இட்டுவிடலாம் என்பதும் அவருடைய யோசனை. தாயாருக்கு நீரிழிவும் பிரசரும் உண்டு. மெட்போமினும் லொசார்ட்டனும் எடுக்கிறார். புகையிலையுடன் வெற்றிலை போடுகிறார். இரவில் விடும் குறட்டை பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கிறதாம். தாயாரின் தம்பி, பல ஆண்டுகளுக்கு முன் குடல்வால் சத்திரசிகிச்சை முடிந்தும் மூச்சு வராமல் மறுநாள் காலைவரை இயந்திரத்தில் வைக்கப்பட்டிருந்தார், பிறகு நலமாகிவிட்டார். அன்றிலிருந்து அக்குடும்பத்தில் மயக்க மருந்து என்றாலே பயம். இறுதியாக, முன்னைய பிரசவத்தின் பின் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்கிய தாயார், இம்முறையும் வலி மருந்து வேண்டாம் என்கிறார். அது புண்ணை ஆறவிடாது, பழக்கமாகிவிடும் என்பது அவர் எண்ணம்.

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று வழிகளில் எது பாதுகாப்பானது என்று கேட்டிருக்கிறீர்கள். மயக்க மருந்து நிபுணராக நான் முதலில் பார்ப்பது மருந்தின் பெயரை அல்ல. அந்த மருந்து யாருடைய உடலுக்குள் போகிறது, அது போகும்போது அருகில் நின்று மூச்சையும் இதயத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்பவற்றையே பார்க்கிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதப்பட்ட இரண்டு விடயங்கள், அதாவது மாமாவின் கதையும் அம்மாவின் குறட்டையும், முதுகு ஊசியைப் பற்றிய கவலையைவிடப் பெரியவை. ஆகவே அவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

மாமாவுக்கு நேர்ந்தது

முழு மயக்கத்தின்போது மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் மருந்தொன்று கொடுக்கப்படுவதுண்டு. அவற்றுள் சக்சமெத்தோனியம் என்பது மிக விரைவாக வேலை செய்து, சில நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். குருதியிலுள்ள ஒரு நொதியம் அதனை உடைத்துவிடுவதே காரணம். சிலருக்குப் பிறப்பிலேயே இந்த நொதியம் குறைவாகவோ சரியாக வேலை செய்யாததாகவோ இருக்கும். அப்படிப்பட்டவருக்குச் சில நிமிடங்களில் தீரவேண்டிய தளர்ச்சி மணிக்கணக்கில் நீடிக்கும். மூச்சுத் தசைகளும் அசையாதபடியால், அது அடங்கும்வரை தூக்கத்தில் வைத்து இயந்திரத்தின் மூலம் சுவாசம் கொடுத்தாக வேண்டும். உங்கள் மாமாவை மறுநாள் காலைவரை இயந்திரத்தில் வைத்திருந்தது அதற்காகவே என்றால், அது அவர் உயிரைக் காத்த சரியான சிகிச்சையே ஆகும். வேறு காரணங்களாலும் மூச்சு திரும்பத் தாமதமாகலாம் என்பதால், இதுதான் நடந்தது என்று நான் இங்கிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் இது பரம்பரையாக வரக்கூடியது. ஒருவருக்கு இக்குறை முழுமையாக இருந்தால், அவருடன் பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. அம்மாவுக்கு இதுவரை முழு மயக்கம் கொடுக்கப்படவில்லை என்பதால், அவருக்கு இருக்கிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே மாமாவிடம் பழைய டயக்னோசிஸ் காட் இருக்கிறதா என்று கேளுங்கள். கூரைத் தகட்டுக்கடியில் செருகி வைத்த பழுப்பேறிய தாளாக இருந்தாலும் பரவாயில்லை, எடுத்துக்கொண்டு போங்கள். அது கிடைக்காவிட்டாலும் நடந்ததை வாயால் சொல்லுங்கள். நொதியத்தை அளக்கும் குருதிப் பரிசோதனை உண்டு. எல்லா இடங்களிலும் அது செய்யப்படுவதில்லை. செய்ய முடியாத இடத்தில், அந்த ஒரு மருந்தைத் தவிர்த்து வேறு தளர்த்தியைப் பயன்படுத்துவது எந்த மயக்க மருந்து நிபுணருக்கும் இயல்பான காரியம். இத்தனை ஆண்டுகளாக உங்கள் குடும்பம் பயந்துகொண்டிருந்த செய்தி, உரியவரிடம் போய்ச் சேர்ந்தால் அம்மாவுக்குப் பாதுகாப்பாகவே அமையும்.

முதுகு ஊசியும் இடுப்பு வலியும்

பெரியவர்களில் முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு, இடுப்பின் மேற்பகுதியில், முதலாம் இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் முடிந்துவிடுகிறது. நாங்கள் ஊசி போடுவது அதற்குக் கீழே, நரம்பு வேர்கள் மட்டும் திரவத்தில் மிதக்கும் இடத்தில். 1898 முதல் கையாளப்பட்டு வரும் முறை இது. பிரித்தானியாவில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தகைய முதுகு ஊசிகளை ஆராய்ந்து 2009 இல் வெளியிடப்பட்ட தேசிய கணக்காய்வில், நிரந்தரப் பாதிப்பு ஓர் இலட்சம் பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்கே ஏற்பட்டிருந்தது. ஊசி போட்ட இடத்தில் சில நாட்கள் நோவு இருக்கலாம். சிலருக்கு, பெரும்பாலும் இளம் வயதினருக்கு, எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி வரலாம். அதற்குச் சிகிச்சை உண்டு.

அம்மாவின் இடுப்பு வலி பொய்யன்று. அதை யாரும் அலட்சியமாகப் பேசக்கூடாது. ஆனால் பிரசவத்தின்போது முதுகு ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள், நீண்டகால இடுப்பு வலிக்கு ஊசி காரணமாவதைக் காட்டவில்லை. மூன்று பிள்ளைகளைச் சுமந்து பெற்ற பின், தலையில் கயிறு மாட்டிய கொழுந்துக் கூடையுடன் பல ஆண்டுகள் செங்குத்தான மலையில் குனிந்து நிமிர்ந்த உடம்பு அது. வலியும் ஊசியும் ஒரே காலத்தில் வந்தபடியால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகத் தெரிகிறது. இதனை அம்மாவிடம் வாதமாகச் சொல்ல வேண்டாம்; "வலி எங்கே இருக்கிறது என்று டொக்டரிடம் காட்டுங்கள், அவர் முதுகைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்" என்று சொன்னால் போதும். கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போதல் போன்றவை இருந்தால் அவற்றைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும்; அப்போது எங்கள் முடிவும் மாறலாம்.

தூக்க ஊசி என்னும் எளிய வழி

அண்ணன் அம்மாமீதுள்ள அக்கறையால்தான் இதைப் பேசியிருக்கிறார். மூன்றில் இதுவே இலேசானது என்று அவர் எண்ணுவதும் இயல்பு. ஆனால் உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை, மூன்றிலும் நான் மிகவும் தயங்குவது இதற்குத்தான்.

தூக்க ஊசி தன்னளவில் வலியைப் போக்குவதில்லை. வெட்டும் இடத்தை உணர்விழக்கச் செய்யும் ஊசியும் சேர்த்தே போட வேண்டும். சிறிய குடலிறக்கம் என்றால் அது நன்றாகவே போதும். தோடம்பழ அளவு வீக்கத்துக்கு அந்த ஊசி போதாமல் வலித்தால், தூக்க மருந்தைக் கூட்டுவார்கள். மெல்லிய உறக்கத்துக்கும் ஆழ்ந்த உறக்கத்துக்கும் முழு மயக்கத்துக்கும் இடையே தெளிவான எல்லைக்கோடு கிடையாது. ஒருவரைக் கண்ணயரச் செய்யும் அளவு, மற்றொருவரின் மூச்சை நிறுத்திவிடும். முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய் எங்கள் கையில் இருக்கிறது. தூக்க ஊசியிலோ அது நோயாளியின் சொந்தப் பலத்தில்தான் இருக்கிறது. இரவில் அவ்வளவு பலமாகக் குறட்டை விடுபவருக்குத் தொண்டை உறக்கத்தில் அடைபடும் உறக்கத் தடைச்சுவாசம் இருக்கக்கூடும். குறட்டை நடுவில் திடீரென நின்று, சற்றுப் பொறுத்து மூச்சுத் திணறலோடு மீண்டும் தொடங்குகிறதா, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணயர்கிறாரா என்று இந்த வாரமே கவனித்து எழுதி வையுங்கள். அப்படி இருந்தால் தூக்க மருந்தும் மோர்பின் வகை மருந்துகளும் அவருக்கு இரட்டிப்பு எச்சரிக்கையோடு கொடுக்கப்பட வேண்டியவை. அன்று மாலையே வீட்டுக்கு அனுப்புவதும் உகந்ததன்று.

எந்த இடமானாலும் தூக்க ஊசி பற்றிப் பேசும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. மருந்தைக் கொடுப்பவர், வெட்டும் வைத்தியரைத் தவிர வேறொரு பயிற்சி பெற்ற வைத்தியரா? விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியும், வெளிவிடும் மூச்சில் கரியமிலவாயுவை அளக்கும் கருவியும் உண்டா? மூச்சு நின்றால் குழாய் செலுத்தி இயந்திரத்தில் வைக்க அங்கேயே முடியுமா? விழிக்கும்வரை அருகில் இருப்பவர் யார்? இவற்றில் ஒன்றுக்குக்கூட மழுப்பலான பதில் வந்தால், முற்பணம் கொடுத்திருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

நான் எதைச் சொல்வேன்

நீங்கள் எழுதியவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால், முதுகு ஊசியே என் முதல் தெரிவு. மூச்சுக்குழாயைத் தொட வேண்டியதில்லை, சக்சமெத்தோனியமும் தேவையில்லை, முதல் சில மணி நேர வலியும் அடங்கியிருக்கும். வெட்டும் இடத்தில் தொட்டுச் சோதிக்கும்போது கண்விழித்திருக்கும் அம்மாவே "தெரியவில்லை" என்று சொன்ன பிறகுதான் தொடங்குவார்கள். அதன் குறைகளும் உண்டு: பிரசர் சற்று இறங்கும், அதற்கு மருந்து கொடுப்பார்கள், சில மணி நேரம் கால் அசையாது, சிறுநீர் கழிக்கச் சிரமமாகலாம், மிகச் சிலரில் ஊசி போதுமான அளவு பிடிக்காமல் முழு மயக்கத்துக்கு மாற நேரும். அதனால் முதுகு ஊசிதானே என்று மாமாவின் கதையைச் சொல்லாமல் விடக்கூடாது. எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னும் முதுகில் ஊசி வேண்டாம் என்று அம்மா சொன்னால், நன்கு ஆயத்தம் செய்த முழு மயக்கம் ஏற்கத்தக்க இரண்டாவது வழி. நேரில் பரிசோதிப்பவர் என்னிலும் கூடுதலாகப் பார்க்கிறார். அவருடைய முடிவுக்கே முதலிடம் கொடுங்கள்.

பயத்தால் திகதியைத் தள்ளிக்கொண்டே போவதுதான் இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. வீக்கம் கல்லைப்போல் இறுகி உள்ளே போகாமல் நின்று, வலியும் வாந்தியும் வந்தால், குடல் சிக்கிக்கொண்டது என்று பொருள். அப்போது வயிறு நிறைந்த நிலையில், சீனி கட்டுக்கடங்காத நிலையில், இரவோடிரவாக முழு மயக்கம் கொடுத்தே செய்ய வேண்டியிருக்கும். அந்த அறிகுறி தெரிந்தால் விடியும்வரை காத்திராமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள், கட்டணம் இல்லை.

கையொப்பம் யாருடையது

அம்மா நினைவோடும் தெளிவோடும் இருக்கும்வரை சம்மதம் அவருடையது மட்டுமே. அண்ணனும் நீங்களும் துணையிருக்கலாம். அவருக்குத் தெரியாமல் அவருக்காகச் சம்மதிக்க முடியாது. மறைத்து அழைத்துப்போனால் இன்னொரு தீமையும் விளையும். முதுகை வளைத்து அசையாமல் உட்கார வேண்டிய அந்தச் சில நிமிடங்களில், என்ன நடக்கிறதென்று தெரியாத நோயாளி பயந்து திமிறுவார். தெரிந்தவர் ஒத்துழைப்பார்.

மொழியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் மலையகத்தில் அதைச் சொல்லாமல் விட முடியாது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் நாட்டின் அரசகரும மொழி. விளங்காத மொழியில் எழுதிய படிவத்தில் பெருவிரலை வைக்க வேண்டிய கட்டாயம் அம்மாவுக்கு இல்லை. "தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து விளக்குங்கள்" என்று பணிவாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள். தாதியோ சிற்றூழியரோ பெரும்பாலும் யாராவது கிடைப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008 இல் அறிமுகப்படுத்திய சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலின்படி, மயக்கம் கொடுக்குமுன் நோயாளியின் பெயர், செய்யப்போகும் சிகிச்சை, ஒவ்வாமை ஆகியவற்றைச் சரிபார்ப்பார்கள்; வெட்டுமுன் பெயரையும் சிகிச்சையையும் மீண்டும் சரிபார்ப்பார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்கிறார்களே, கோப்பைத் தொலைத்துவிட்டார்களோ என்று அம்மா கலங்க வேண்டாம் என முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி உள்ள வாரங்களில்

பாக்கும் புகையிலையும் சேர்த்து வெற்றிலையைப் பல ஆண்டுகள் போட்டவர்களில் சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் வெளிறி, நார்போல் இறுகி, வாய் திறப்பு குறைந்துவிடலாம். அம்மாவை வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரல்களை நெட்டாக அடுக்கிப் பல்வரிசைகளுக்கு இடையே வைக்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால், மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது கடினமாகலாம். அதற்கான கருவிகளை ஆயத்தமாக வைக்க நிபுணர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் தழும்போ இருந்தால் அதையும் காட்டுங்கள். வெற்றிலையை இன்றே விட்டால் நல்லது.

குருதியில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதைத் தேத்தண்ணியோடு விழுங்க விடாதீர்கள். தேயிலைச் சாயம் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் நல்லது.

உணவைப் பொறுத்தவரை, சோறு, ரொட்டி, பால் கலந்த எதுவும் மயக்கத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்தப்பட வேண்டும். பால் தேத்தண்ணி வயிற்றுக்குச் சாப்பாடே. தண்ணீரோ பால் கலக்காத சாயத் தேத்தண்ணியோ இரண்டு மணி நேரம் முன்புவரை பொதுவாக அனுமதிக்கப்படும். உங்கள் வைத்தியசாலை சொல்லும் நேரத்தைக் கேட்டு அதன்படி நடவுங்கள். நாலரை மணிக்கு எழுந்து தேத்தண்ணி ஊற்றுவது அம்மாவின் வழக்கமாக இருந்தால், மறதியாகக் குடித்துவிடவும் கூடும். குடித்திருந்தால் ஏசுவார்களே என்று மறைக்கக்கூடாது. வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் ஏறினால் உயிருக்கே ஆபத்து. அன்று காலை மெட்போமினை நிறுத்தச் சொல்வது வழக்கம். லொசார்ட்டனையும் பல நிபுணர்கள் நிறுத்தச் சொல்வார்கள். குருதி உறைவைத் தடுக்கும் மாத்திரையோ நாட்டு வைத்தியரின் கசாயமோ எடுத்தால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். எதையும் தாமாக நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று நம் குளிரைப் பற்றியது. மயக்கத்திலும் முதுகு ஊசியிலும் உடல் தன் சூட்டைக் காக்கும் திறனை இழக்கிறது. சூடு 36 பாகைக்குக் கீழ் இறங்கினால் குருதிப்போக்கும் புண்ணில் கிருமித் தொற்றும் கூடும். கம்பளியும் காலுறையும் கொண்டுபோய், தியேட்டருக்கு அழைக்கும்வரை அம்மாவைப் போர்த்தியே வைத்திருங்கள். தாலியைக் கழற்ற மனமில்லாவிட்டால் தாதியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பெரும்பாலும் ஒட்டி மூடிவிட வழி செய்வார்கள்.

வலியைத் தாங்குவது

வலி மருந்து புண் ஆறுவதைக் கெடுக்கும் என்ற எண்ணத்துக்கு மாறாக, அடக்கப்படாத வலியே கெடுதல் செய்கிறது. வயிற்றில் தையல் போட்டவர் வலிக்குப் பயந்து ஆழ்ந்து மூச்செடுக்கமாட்டார், இருமமாட்டார், எழுந்து நடக்கமாட்டார். நெஞ்சில் சளி கட்டும், காலில் குருதி உறையும், சீனியும் ஏறும். எனவே வலி எவ்வளவு என்று தாதி கேட்கும்போது, அசையாமல் படுத்திருக்கையில் உள்ள வலியை அல்ல, இருமும்போது வரும் வலியை அம்மா சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் ஓரிரு நாட்கள் வைத்தியர் கண்காணிப்பில் கொடுக்கப்படும் மோர்பின் அடிமைப்படுத்திவிடும் என்ற பயம் தேவையற்றது. அம்மாவின் விடயத்தில் அந்த மருந்தை நாங்கள் சிக்கனமாகக் கொடுப்பது குறட்டையின் காரணமாகவே.

அடிப்படை மருந்து பரசிட்டமோல். 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணிக்கொரு முறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் இல்லை. உடல் எடை 50 கிலோவுக்குக் குறைவென்றால் அளவும் குறைய வேண்டும். வலி வந்த பின் தேடாமல், முதல் சில நாட்கள் நேரம் பார்த்துக் கொடுங்கள். பனடோலும் பரசிட்டமோலும் ஒன்றே; வைத்தியசாலை கொடுத்ததோடு கடையில் வாங்கியதையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். டைக்லோபெனாக், இபுபுரூபன் வகை மருந்துகளை வைத்தியர் எழுதிக் கொடுத்தாலன்றிக் கொடுக்க வேண்டாம். நீரிழிவும் லொசார்ட்டனும் உள்ள இடத்தில் அவை சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். டைக்லோபெனாக்கை ஆசன வாயில் வைக்கும் மருந்தாகவும் கொடுப்பதுண்டு. கூச்சத்தால் பேசாமல் இருந்துவிடாமல், அம்மா முன்பே அறிந்து விரும்பினால் ஏற்கவும், விரும்பாவிட்டால் மறுக்கவும் உரிமையுண்டு.

வீடு திரும்பும் நாளில், தோட்டத்துக் குலுங்கும் பாதையில் ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே அந்த வேளை மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். வண்டி குலுங்கும்போது ஒரு தலையணையைத் தையல்மேல் அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு இரவுகள் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வைத்து, நீங்கள் அதே காம்பராவில் படுங்கள். தட்டி எழுப்பியும் சரியாக விழிக்காமை, மூச்சு நின்று நின்று வருதல், உதடு நீலமாதல், தாங்க முடியாத வயிற்று வலி அல்லது விடாத வாந்தி, படுத்தால் குறைந்து எழுந்தால் கூடும் தலைவலி, காலில் திரும்பாத மரப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வைத்தியசாலைக்குத் திரும்ப வேண்டும். விழிப்பும் மூச்சும் சம்பந்தப்பட்டவற்றுக்கு உடனே 1990 ஐ அழையுங்கள். டயக்னோசிஸ் காட்டையும், கொடுத்த மருந்துகளின் உறைகளையும் ஒரே பையில் போட்டுக் கதவருகே தொங்கவிட்டு, மாமாவுக்கு நேர்ந்ததை அந்த காட்டின் மேற்பக்கத்தில் எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பரிசோதனையில் நொதியக் குறை உறுதியானால், நீங்களும் அண்ணனும் அதே பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.